உன் மார்புத் தழும்பை மறுபடி வெட்டுவதற்கு முன்

மகனே, என் போனை நீ எடுப்பதில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். பூந்தமல்லிக்கே வந்து பார்க்கலாம் என்றால், அந்த ரூமில் உன்னோடு தங்கியிருக்கும் பையன்கள் எதிரில் நீயும் வாயைத் திறக்க மாட்டாய், நானும் திறக்க மாட்டேன். சாப்பிட்டாயா, ஷிஃப்ட் எப்படி என்று கேட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவேன். அதனால்தான் உன் பெயரும் என் பெயரும் தெருவும் போடாமல், நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். படித்தால் உனக்குத் தெரியும், உன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று. உன்னைப் போலவே மே மாத வெயிலில் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு திரிகிற வேறு பையன் யாராவது படித்தாலும் சரி, அவன் அப்பன் படித்தாலும் சரி. ஆண்பிள்ளைக்கு மார்பு பெருத்துப் போவதைப் பற்றியும், அதைக் குறைக்க ஆபரேஷன் செய்துகொள்வதைப் பற்றியும் நம் வீட்டில் யாரும் முழுதாக ஒரு வாக்கியம் பேசியது கிடையாது. இங்கே பேசித் தீர்த்துவிடுகிறேன்.

உன் அம்மாவிடம் போன வாரம் நீ சொன்னதை அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, மளிகைக் கடையில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். "தழும்ப வெட்டி எடுத்துட்டு அப்புறம் போய் அவள கூட்டிகினு வரேம்மா" என்றாயாம், அம்மா வீட்டில் இருக்கிற உன் மனைவியைச் சொல்லி. யாரோ ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டாயாம், தேதியும் வாங்கிவிட்டாயாம். லேசராம், அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாமாம், தழும்பே இருக்காதாம். தழும்பே இருக்காது என்பதை நாம் ஏற்கெனவே ஒரு முறை கேட்டு நம்பியவர்கள். அந்தத் தேதிக்கு நீ போகக் கூடாது. ஏன் என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

ஒன்பதாம் வகுப்பில் உனக்கு அது ஆரம்பித்தது. முதலில் நெஞ்சில் வலி என்றாய். ஆவடியில் நாம் எல்லாக் காய்ச்சலுக்கும் போகிற டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த வயசுப் பையன்களுக்கு வருகிறதுதான், ஓரிரு வருஷத்தில் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், அடங்காவிட்டால் திரும்பக் கூட்டிவாருங்கள் என்றார். அடங்கவில்லை. நான் கூட்டிப் போகவும் இல்லை. கூட்டிப் போனால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான் காரணம். அதற்குப் பதிலாக உன்னை விடியற்காலையில் எழுப்பி ஏரிக்கரையில் ஓட விட்டேன். நான் சைக்கிளில் பின்னால் வருவேன், நீ முன்னால் ஓடுவாய். "ஓடுறா, ஓடினா கரைஞ்சிடும்" என்று கத்தியது கரையில் நடந்துபோன எல்லோருக்கும் கேட்டிருக்கும். உன் வயிறு கரைந்தது, கன்னம் ஒட்டியது. மார்பு மட்டும் அப்படியே நின்றது, உடம்பு இளைத்ததில் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. அது கொழுப்பு மட்டும் இல்லை, உள்ளே சுரப்பித் திசு இருக்கிறது, ஓடினால் அது போகாது என்று எனக்குத் தெரியவந்தபோது உனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

பள்ளியில் உனக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெயரால் உன்னை ஒருவன் கூப்பிட்டதை நானே கேட்டேன். கேட்காதது மாதிரி டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ என்னைப் பார்த்தாய், நான் திரும்பிக்கொண்டதையும் பார்த்தாய். அன்றிலிருந்து உன் தோள் முன்னால் வளைய ஆரம்பித்தது. ஃபோட்டோ எடுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்கு முன்னால் ஒரு பையோ, பக்கத்து வீட்டுக் குழந்தையோ, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பாய். உன் அம்மா உன் பனியன்களை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுப்பாள். என்னத்துக்கு என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

பெண் பார்த்து நிச்சயம் ஆன பிறகுதான் நீ முதன்முதலாக என்னிடம் நேராகப் பேசினாய். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் நின்றுகொண்டு, "நைனா, நலங்குக்கு சட்டைய கழட்டணும்ல?" என்று கேட்டாய். வேறு எதுவும் சொல்லவில்லை. நம் வீடுகளில் மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்து, இடுப்பில் வேட்டியோடு, வெறும் உடம்பில் எண்ணெயும் மஞ்சளும் பூசுவார்கள். அத்தை, சித்தி, அக்கம்பக்கத்துச் சுமங்கலிகள் எல்லோரும் வரிசையில் வருவார்கள், பெண் வீட்டிலிருந்து நாலு பேர் வந்து நிற்பார்கள், வீடியோக்காரன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். உன் பெரியப்பா மகனுக்கு நடந்தபோது நீ கூடவே இருந்தவன். உனக்கு வேலை போய்விடும் என்றோ பெண்ணுக்கு உன்னைப் பிடிக்காமல் போகும் என்றோ பயம் இல்லை. அந்த மணைதான் பயம். நான் யோசிக்காமல் சொன்னேன், அதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடலாம் என்று. உன் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது.

உனக்குத் தெரியும், அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற எங்கள் பிரஸ் ஷாப்புக்குப் புதிதாக ஒருவன் பார்ட்ஸ் சப்ளை செய்ய வந்தால் நான் என்ன செய்வேன் என்று. அவன் ஷெட்டுக்கே போவேன். அவன் மேஜை மேல் பளபளவென்று வைத்திருக்கிற பீஸைப் பார்க்க மாட்டேன், மூலையில் தள்ளி வைத்திருக்கிற ரிஜெக்ட் பெட்டியைக் கிளறுவேன். எதனால் வீணாயிற்று, அப்புறம் என்ன செய்தாய் என்று கேட்பேன். பதில் சொல்லத் தெரியாதவனுக்கு ஆர்டர் கிடையாது. ஒரு இரும்புத் தகட்டுக்கு இவ்வளவு பார்க்கிற மனுஷன், பெற்ற பிள்ளையின் நெஞ்சைக் கிழிக்கப் போகிறவனிடம் எதையும் கேட்கவில்லை. ஊரில் பெரிய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே பிளாஸ்டிக் சர்ஜரிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, இதுவும் செய்வார்கள் என்று எனக்கு அப்போதே ஒருவர் சொன்னார். ஆனால் எங்கள் ஷாப்பில் வேலை செய்கிற ஒருவன் மனைவி அங்கே வார்டில் ஆயாவாக இருக்கிறாள். அவள் பார்த்தால் அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரிந்தால் வெள்ளானூரில் இருக்கிற அவன் மச்சானுக்குத் தெரியும், அங்கிருந்து சம்பந்தி வீடு இரண்டு தெரு. இப்படிக் கணக்குப் போட்டுத்தான் நான் உனக்கு டாக்டர் தேடினேன். கை நல்ல கையா என்று பார்க்கவில்லை. தெரிந்த முகம் இல்லாத இடமா என்று பார்த்தேன்.

பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒரு இடம் கிடைத்தது. ஏசி குளுகுளுவென்று இருந்தது. டை கட்டிய ஒரு பையன் பேசினான், அவன் டாக்டர் இல்லை. செல்போனில் ஆபரேஷனுக்கு முன்னால், பின்னால் என்று படங்கள் காட்டினான். எல்லாம் வழவழவென்று இருந்தன. தழும்பே இருக்காது சார், காம்பைச் சுற்றி இருக்கிற கறுப்பு வட்டத்தின் ஓரத்திலேயே போட்டுவிடுவோம், கண்ணுக்கே தெரியாது என்றான். நான் அவனிடம் கேட்ட ஒரே கேள்வி, வெளியே யாருக்கும் தெரியுமா என்பதுதான். தெரியவே தெரியாது என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆபரேஷன் செய்கிற டாக்டரை நீ பார்த்தது ஆபரேஷன் அன்றைக்குத்தான், அதுவும் மயக்க ஊசி போடுவதற்குக் கொஞ்சம் முன்னால். அவர் உன் முகத்தைப் பார்க்கவில்லை, பேனாவால் நெஞ்சில் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார். முன்னால் எந்த ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், ஏன் இது வந்தது என்று யாராவது பார்த்தார்களா, எதுவும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் உன் இடது பக்கம் உப்பி நீலம் பாய்ந்திருந்தது. உள்ளே ரத்தம் கட்டிவிட்டது. வழிந்து வெளியே வருவதற்குக் குழாய் வைப்பார்களாம், உனக்கு வைக்கவில்லை. நாம் ஆட்டோவில் போனபோது அந்த டாக்டர் இல்லை, வேறு ஒருவர் இரண்டு தையலைப் பிரித்துக் கையால் அழுத்தி எடுத்தார். திரைக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். நீ கத்தவில்லை, மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விட்டாய். ஆட்டோவில் திரும்பி வரும்போது, "முடிஞ்சிதுல்ல நைனா" என்று கேட்டாய். முடிந்தது என்றேன். அந்த இடம் ஒழுங்காக ஒட்டவில்லை. இறுக்கமான பனியன் ஒன்று கொடுத்து, வாரக்கணக்கில் கழற்றாமல் போடச் சொன்னார்கள். கல்யாணத்தைத் தள்ளிப் போடலாமா என்று உன் அம்மா கேட்டாள். தை முகூர்த்தம், மண்டபம் சொல்லியாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

நலங்கு அன்றைக்கு நீ பனியனோடுதான் மணையில் வந்து உட்கார்ந்தாய். உன் அத்தை, என் தங்கை, கிண்ணத்தோடு வந்தாள். "இன்னாடா கூச்சம், நான் தூக்கி வளத்த புள்ள. கழட்டு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாய். நெஞ்சில் பிளாஸ்திரி இருக்கிறது, புண் ஆறவில்லை என்று நமக்கு மட்டும் தெரியும். பெண் வீட்டார் நாலு பேர் நின்றிருந்தார்கள். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வீட்டுக்குப் பெரியவன் சொன்னால் அந்தக் கூட்டத்தில் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். நான் கண்ணாலேயே கழற்று என்று சொன்னேன். நீ கழற்றினாய். பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டவர்களிடம், சூட்டுக்கட்டி, கீறி எடுத்தோம் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். மஞ்சள் நல்லதுதானே என்று உன் அத்தை அதன் மேலேயும் பூசித் தேய்த்தாள். கல்யாணப் படங்களில் நீ சிரித்துக்கொண்டிருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். நீ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உன் உடம்பில் நடந்தது, நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. புண் சீழ் வைத்து, ஆறி, ஆறிய இடம் சும்மா இருக்காமல் தடித்து, சிவந்து, புழு நெளிகிற மாதிரி இரண்டு பக்கமும் எழும்பியது. இடது பக்கம் கீழே குழி விழுந்தது, அளவுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். அரிப்பு தாங்காமல் சட்டை மேலேயே நீ சுரண்டுவதைப் பார்த்திருக்கிறேன். பாடி இடத்துக்குப் போன் செய்தால், சார், சில பேர் உடம்பு வாகு அப்படி என்றார்கள். முன்பாவது உன்னிடம் மார்பு ஒன்றுதான் மறைக்க இருந்தது. இப்போது அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சம்பாதித்துக் கொடுத்தேன்.

அரசு ஆஸ்பத்திரிக்கு நான் உன்னைக் கடைசியில் கூட்டிப் போனேனே, அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். யார் நல்ல சர்ஜன் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அங்கே இருந்த டாக்டரம்மா உன்னைக் கேட்ட முதல் கேள்வி, வலிக்கிறதா, அரிக்கிறதா, தூங்க முடிகிறதா என்பது. நீ வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொன்னேன். அடுத்த கேள்வி, குடும்பத்தில் யாருக்காவது காயம் ஆறிய இடம் இப்படிப் பெருத்திருக்கிறதா என்பது. அதற்கும் நான்தான், இல்லை என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டே, "அத்தைக்கு காதுல கீது" என்றாய். உண்மைதான். உன் அத்தைக்கு இரண்டாவது தோடு குத்திய இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று இருக்கிறது, தலைமுடியை இழுத்து மூடிக்கொள்வாள். இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நான் இவர்கிட்ட பேசணும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். எந்த டாக்டரும் இதுவரைக்கும் உன்னிடம் பேசியதே இல்லை. எல்லோரும் என்னிடம்தான் பேசினார்கள், நானும் விட்டுக்கொடுத்ததில்லை.

திரும்ப உள்ளே கூப்பிட்டபோது உன் கண் சிவந்திருந்தது. என்ன பேசினீர்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. என் எதிரில் அவர் சொன்னதை மட்டும் உனக்கு ஞாபகப்படுத்துகிறேன், ஏனென்றால் நீ அதை மறந்துவிட்டு அந்த லேசர்காரனிடம் போகிறாய். "தழும்பு போகாது தம்பி. அடங்கும், மெலியும், நிறம் மாறும். போயே போயிடும்னு எவன் சொன்னாலும் அவன்கிட்ட போகாத" என்றார். இது காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்கிற வகைத் தழும்பு, நெஞ்சு அதற்கு மோசமான இடம், இதை வெறுமனே வெட்டி எடுத்தால் வெட்டிய இடத்தில் இன்னும் பெரிதாக வளரும் என்றார். அதனால் இப்போதைக்குக் கத்தி கிடையாது, மாதாமாதம் தழும்புக்குள்ளேயே ஊசி, மேலே ஒட்டுகிற சிலிகான் பட்டை, வெயில் படாமல் பார்ப்பது, நகம் வைக்காமல் இருப்பது. குழியைப் பற்றிப் பிறகு, எல்லாம் அடங்கி ஒரு வருஷமாவது ஆன பிறகு யோசிக்கலாம் என்றார். மஞ்சளால்தான் இப்படி ஆயிற்றா என்று நான் கேட்டேன். மஞ்சள் மேல் பழி போட்டுவிட்டுத் தப்பிக்காதீர்கள், ரத்தம் கட்டியது, புண் பிரிந்தது, சீழ் வைத்தது, குடும்ப வாகு, எல்லாம் சேர்ந்தது, முதலிலேயே ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அவசரப்பட்டிருக்க மாட்டார் என்றார். கடைசியாகத் தன் கம்ப்யூட்டரில் படங்களைக் காட்டினார். நன்றாக வந்ததையும் காட்டினார், தன் கையில் சரியாக வராததையும் காட்டினார், அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதையும் சொன்னார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

ஆகவே இதையும் கேட்டுக்கொள், இதற்குப் பிறகு உன் வாழ்நாளில் எந்த டாக்டரைத் தேர்ந்தெடுத்தாலும் சரி. பிளாஸ்டிக் சர்ஜரியில் படித்து வாங்கிய பட்டம் இருக்கிறதா என்று கேள், கேட்பதற்கு வெட்கப்படாதே. கத்தி பிடிக்கிறவரே முதல் நாள் உன் எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும். உன் சட்டையைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால் அவர் உன்னிடம் கேள்வி கேட்க வேண்டும். ராத்திரி ரத்தம் கட்டினால் யார் வருவார், யாருக்குப் போன் செய்வது என்பதற்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். தேதிக்கு உன்னை நெருக்குகிறவர் வேண்டாம். உன் அவசரத்தைக் கேட்டுவிட்டு, முடியாது, அந்தக் கல்யாணத் தேதிக்குள் இது ஆறாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர் கிடைத்தால் அவரை விடாதே. அந்த டாக்டரம்மாவிடம் நீ இரண்டு ஊசியோடு நின்றுவிட்டாய். ஊசி போடும்போது உயிர் போகிறது என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். நீ வேலை செய்கிற ஷாப் சூட்டில் வியர்த்துப் பட்டை பிய்ந்துவிடுகிறது, ரூமில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்றாயாம். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இந்த வழி நீளமாக இருக்கிறது என்பதற்காக நீ மறுபடியும் குறுக்கு வழியில் போய்ப் படுத்தால், அடுத்த வருஷம் உன் நெஞ்சில் எது இருக்கும் என்று அந்த அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

இனி உன் மனைவியைப் பற்றி. கல்யாணமான நாளிலிருந்து நீ அவள் எதிரில் சட்டையைக் கழற்றியதில்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளே என்னிடம் கேட்டாள். மாமனாரிடம் கேட்கிற கேள்வியா அது, எவ்வளவு தவித்திருந்தால் கேட்டிருப்பாள். காய்ந்த துணியை மடித்துக்கொண்டே, "மாமா, அவருக்கு ஒடம்புக்கு இன்னா மாமா? எங்கிட்ட சொல்லக்கூடாதா?" என்றாள். ஒன்றும் இல்லையம்மா, அவன் சின்ன வயசிலிருந்தே கூச்ச சுபாவம் என்றேன். ஆடி பிறந்ததும் வழக்கப்படி அவளை அம்மா வீட்டுக்கு வெள்ளானூர் அழைத்துப் போனார்கள். ஆடி முடிந்தது, அவள் வரவில்லை. நீ பூந்தமல்லிக்குப் போய்விட்டாய். அவள் அண்ணன் மட்டும் ஒரு நாள் வந்தான். உன் அம்மாவைக் காப்பி போட உள்ளே அனுப்பிவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க மாமா, கேட்டுதான் ஆவணும். ஒங்க புள்ள ஆம்பளதானா?" என்றான். ஆபரேஷன் விஷயம் வாய் வரைக்கும் வந்தது. உன் ரகசியம் என்று விழுங்கிக்கொண்டேன். நான் பேசாமல் இருந்ததையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆவணி முடிந்ததும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறார்கள். வக்கீலையும் பார்த்துவிட்டார்களாம். டாக்டர் சோதனை என்று ஒரு பேச்சும் அடிபடுகிறது. அவர்கள் சந்தேகப்படுகிற விஷயம் வேறு, நீ மறைக்கிற விஷயம் வேறு, நடுவில் ஒரு குடித்தனம் உடைகிறது.

நேற்று முன்தினம் நான் வெள்ளானூருக்குப் போனேன், எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுவது என்று. உன்னைக் கேட்காமல்தான் போனேன். வீட்டில் அவளும் அவள் அம்மாவும் இருந்தார்கள், அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். உன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இளைத்துப் போயிருக்கிறாள். அம்மாடி, அவனுக்கு ஒரு ஆபரேஷன் ஆயிற்று என்று ஆரம்பித்தேன். அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"வேணாம் மாமா. நீங்க சொல்லாதீங்க. இன்னா நோவா இருந்தாலும் சரி, அவரு வாயால சொல்லட்டும். நீங்க சொல்லி நான் வர மாட்டேன்."

நான் எழுந்துவிட்டேன். கேட் வரைக்கும் அவள் கூடவே வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இப்பல்லாம் நான் லைட்ட அணைச்சிட்டுதான் பொடவ மாத்தறேன் மாமா. எங்கம்மா எதிர்லகூட மாத்தறதில்ல. எங்கிட்டதான் ஏதோ அசிங்கம் கீது, அதான் அவரு தொட மாட்டேங்கறாருன்னு நெனச்சிக்கினேன். கண்ணாடில பாத்து பாத்து தேடுவேன், இன்னான்னு தெரியல. இப்ப பாக்கறதயே உட்டுட்டேன்."

பஸ்ஸில் வரும்போது எனக்குக் கண் தெரியவில்லை. ஒரு பிள்ளை தன் உடம்பை ஒளிக்கக் கற்றுக்கொண்டதை நான் என் வீட்டிலேயே பார்த்தவன். அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. நம் வீட்டுக்கு வந்துதான் அவளுக்கு இந்த நோய் ஒட்டியிருக்கிறது. நீ தழும்பை எடுத்துவிட்டு அவளைக் கூப்பிடப் போகலாம் என்று காத்திருக்கிற ஒவ்வொரு வாரமும், அவள் அந்த இருட்டு அறையில்தான் புடவை மாற்றிக்கொண்டிருப்பாள்.

வாங்கிய தேதிக்குப் போகாதே. அந்த டாக்டரம்மாவிடம் போய் மூன்றாவது ஊசியைப் போட்டுக்கொள், எப்போது என்றாலும் போகலாம். அதற்கு முன்னால் வெள்ளானூர் போ. இந்த முறை நான் கூட வர மாட்டேன், உனக்காக எதையும் பேச மாட்டேன், பெரியவர்கள் உட்கார்ந்தாலும் வாய் திறக்க மாட்டேன். அவள் வந்து உன் எதிரில் நிற்பாளா என்று எனக்குத் தெரியாது. நின்றால், அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்பதை முதலில் சொல். உன்னுடையதைப் பிறகு காட்டலாம்.